வெளியே வராத முளை

ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு விளையாட்டு மண்டபத்தில் அருள்நாயகி பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறார். சம்பளப் பத்திரத்தில் அவருடைய பதவிக்கு ஒரு நீளமான டேனிஷ் பெயர் உண்டு. செய்வது தரை துடைப்பது, கழிப்பறை கழுவுவது, ஹாண்ட்போல் ஆடுகிறவர்கள் பந்து வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் பிசினைத் தரையிலிருந்தும் கதவுப் பிடிகளிலிருந்தும் சுரண்டி எடுப்பது. அதோடு, ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கோல் கம்பங்களை இடம் மாற்றுவதும் அவர் வேலைதான். ஹாண்ட்போலுக்குக் கோல் வேண்டும், பட்மின்ரனுக்கு வேண்டாம். சில நாட்களில் அந்த இரும்புச் சட்டங்களை அவர் ஆறு தடவை தள்ளியிருக்கிறார். வயது ஐம்பத்தாறு.

கோல் கம்பத்தின் பின்பக்கக் கீழ்ச்சட்டத்தில் இரண்டு துளைகள் இருக்கும். அவற்றுக்கு நேர் கீழே தரைக்குள் இரும்புக் குழல் பதித்திருப்பார்கள். துளை வழியாகக் குழலுக்குள் ஒரு திருகாணியை இறக்கிச் சாவியால் இறுக்க வேண்டும். இறுக்கினால் கோல் அசையாது. இறுக்க மறந்தாலும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. யாராவது மேல்கம்பியில் தொங்கும்போதுதான் தெரியும்.

2021 நவம்பரில் ஒரு புதன்கிழமை மாலை அப்படித்தான் தெரிந்தது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பயிற்சி முடிந்த குதூகலத்தில் எம்பித் தொங்கினாள். கோல் அப்படியே முன்னால் சாய்ந்து அவள் மேல் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலையில் விழவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அருள்நாயகி இரண்டு திருகாணிகளையும் இறுக்கியிருந்தார். ஐந்து மணிக்கு வேறொரு குழு வந்து, இடம் போதாதென்று கோலை ஓரத்துக்குத் தள்ளி, போகும்போது திரும்ப வைத்துவிட்டுப் போனது. திருகாணி அவர்களுடைய பொறுப்பில்லை என்று நினைத்திருப்பார்கள். விசாரணையில் ஒருவருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகத்தோடு பேசிய ஒரே ஆள் அருள்நாயகி. எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் அவருக்குத்தான். முப்பது பேர் கை வைக்கும் ஒரு பொருளுக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு என்றால், அந்த ஒருவர் விளக்குமாறு பிடிக்கிறவராகத்தான் இருப்பார். இதற்கு டென்மார்க்கும் விலக்கில்லை. அங்கே கடிதம் மரியாதையான மொழியில் வரும், அவ்வளவுதான்.

தொழிற்சங்கத்தில் சொன்னார்கள்: ஒரு வருடத்தில் எச்சரிக்கை காலாவதியாகிவிடும், பேசாமல் விடுங்கள்.

"விடச் சொல்லுகினம்," என்றார் அருள்நாயகி வீட்டில். "நான் மறந்தது எண்டு எழுதியிருக்கு. நான் மறக்கேல்லை."

"மறந்திருந்தாலும் என்ன?" என்றார் கணவர் சிறீஸ்கந்தராசா. அவர் ஒரு உலோக வேலைத்தளத்தில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். "ஒராள் ஒருநாள் மறந்தால் ஒரு பிள்ளை சாகும் எண்டால், அது சாமான் செய்தவன்ரை பிழை. மறந்தவையின்ரை பிழை இல்லை."

ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. ஆனால் அருள்நாயகி அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். மறக்கவே முடியாதபடி ஒரு பூட்டு செய்தால் என்ன?

விடை அவருடைய சாமான் அறையின் சுவரிலேயே இருந்தது. மொப்புத் தடிகளைக் கொழுவி வைக்கும் தாங்கியை எல்லாரும் பார்த்திருப்போம். தடியைக் கீழிருந்து மேலே செருகினால் விட்டுக்கொடுக்கும். கையை எடுத்ததும் தடியின் பாரமே உள்ளேயிருக்கும் உருளைகளைச் சரிவான பள்ளத்தில் கீழே இழுக்க, அவை தடியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பாரமோ அவ்வளவு பிடி. ஒரு நாளைக்கு இருபது தடவை அதில் தடி கொழுவிய கை, ஒருநாள் பாதியில் நின்றது. இதையே தலைகீழாக்கித் தரைக்குழலுக்குள் இறக்கினால்? கோலை வைத்ததும் தானாகப் பூட்டும். சாயச் சாய இறுகும். திருகாணியும் வேண்டாம், சாவியும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம்.

படம் வரைந்து கணவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

"இது ஆர் சொன்னது உமக்கு?"

"ஆரும் சொல்லேல்லை. மொப்பு சொன்னது."

சிறீஸ்கந்தராசா ஒரு சாண் நீளத்தில் உருக்கு முளை ஒன்று கடைந்தார். கீழே தடிப்பாகவும் மேலே போகப்போக ஒடுக்கமாகவும், இரு பக்கமும் உருளை ஓடப் பள்ளத்தோடும். மண்டபத்தில் கழற்றி எறிந்த பழைய தரைக்குழல் ஒன்றை அருள்நாயகி கேட்டு வாங்கி வந்தார். முளையைக் குழலுக்குள் விட்டார்கள். போனது. இழுத்தார்கள். வரவில்லை. சிறீஸ்கந்தராசா குழலை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து மூச்சைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"வெற்றி," என்றார்.

"சரி, இப்ப வெளியிலை எடுங்கோ."

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. மொப்புத் தாங்கிக்கு முன்பக்கம் திறந்திருக்கும். தடியைச் சற்று உயர்த்தி நம் பக்கம் இழுத்தால் வந்துவிடும். குழலோ சுற்றிவர மூடியது. கீழே அமத்தினால் உருளை தளரும், மேலே எடுத்ததும் திரும்பப் பிடிக்கும். உள்ளே போக வழியுண்டு, வெளியே வர வழியில்லை. மண்டபத்தில் இதைப் பூட்டினால் பட்மின்ரன்காரர் கோலைச் சுற்றித்தான் ஆட வேண்டும்.

இரண்டு வாரம் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், பிறகு குளிரில் வைத்துப் பார்த்தார்கள். 2022 பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அருள்நாயகி அந்தக் குழலை ஒரு துவாயில் சுற்றிச் சபைக்குக் கொண்டு போனார்.

அவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். டேனிஷ் தேவாலயம் ஒன்றின் கூடத்தைப் பிற்பகலில் வாடகைக்கு எடுத்து நாற்பது தமிழர் கூடுவார்கள். சிறீஸ்கந்தராசா உள்ளே போவதில்லை. காரில் இருந்து செய்தி கேட்பார். "உள்ளுக்கை வந்து இருங்கோவன்" என்று மனைவி கேட்கும் ஒவ்வொரு தடவையும், "ஹீற்றரைப் போட்டால் எனக்குக் காருக்குள்ளையே பரலோகம்" என்பார்.

அந்தச் சபைகளில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வரும். நோய் சுகமானவர், வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர் எழுந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். கண்ணீரும் வரும், சிரிப்பும் வரும். மற்ற ஆறு நாளும் ஒருவரும் கேள்வி கேட்காத மனிதர்களுக்கு ஐந்து நிமிடம் ஒலிவாங்கி கிடைக்கும் இடம் அது. கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அந்த ஐந்து நிமிடம் மெய்யான தேவை.

அருள்நாயகி எழுந்து துவாயை அவிழ்த்தார். "கர்த்தர் எனக்கு ஒரு எண்ணம் தந்தவர். இந்தச் சாமான் பூட்டுப்பட்டால் ஒருத்தராலும் இழுக்க ஏலாது. ஆனால் உள்ளுக்கை போனது வெளியிலை வருதில்லை. அது வரவேணும் எண்டு எல்லாரும் ஜெபியுங்கோ."

பாலசிங்கம் பாஸ்ரர் இளமையில் கரப்பந்தாட்டம் ஆடியவர். சவாலென்று பட்டதும் கோட்டைக் கழற்றினார். குழலை ஒருவர் பிடிக்க இவர் இழுத்தார். பிறகு இரண்டு சகோதரர்கள் ஒருபக்கம், இரண்டு சகோதரர்கள் மறுபக்கம். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசியில் பாஸ்ரர் வியர்த்த முகத்தோடு குழலின்மேல் கை வைத்து ஜெபித்தார்: "ஆண்டவரே, உள்ளே போன இந்த முளை வெளியே வரும் வழி இந்தச் சகோதரிக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. நீர் ஒருவரே அறிவீர்." ஆமென் சொன்னார்கள். முளை வரவில்லை. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து பார்ப்பதற்காகச் சபை எல்லா ஆராதனைகளையும் யூடியூப்பில் போடும். இதையும் போட்டது.

மூன்று வாரம் பொறுத்த சிறீஸ்கந்தராசா மார்ச் ஐந்தாம் திகதி கிறைண்டர் என்கிற வெட்டும் இயந்திரத்தால் குழலை நெடுக இரண்டாகப் பிளந்தார். அருள்நாயகி குனிந்து பார்த்தார். ஒரு உருளை குழலின் சுவரைக் கடித்துக்கொண்டு இருந்தது. மற்றது கடிக்கவே இல்லை. அதற்குக் கீழே ஒரு கட்டி ஒட்டியிருந்தது. பழைய குழலுக்குள் வருடக்கணக்காக ஊறிய ஹாண்ட்போல் பிசின். அந்தக் கட்டி உருளையைக் கீழே இறங்க விடாமல் ஏந்தி நின்றிருக்கிறது.

இத்தனை வருடமாக அவர் சுரண்டிச் சுரண்டிச் சபித்த பிசின்!

"பிசின் செய்ததை நாங்கள் செய்வம்," என்றார். "உருளைக்குக் கீழை ஒரு வளையம். காலால ஒரு கட்டையை அமத்தினால் வளையம் மேலை வந்து உருளையை ஏந்த வேணும். ஏந்தினால் பிடிக்காது."

சிறீஸ்கந்தராசா பிளந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். யாராவது மேலே தொங்கிக்கொண்டிருந்தால் உருளை இறுகியிருக்கும், வளையத்தால் அதைத் தூக்க முடியாது. அதாவது கோலில் ஒரு பிள்ளை தொங்கும்போது, யார் மிதித்தாலும் பூட்டுத் திறக்காது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய மகள் நவோமி கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கிறாள், பல் மருத்துவமனையில் வேலை. தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அவளுடைய பட்மின்ரன் கழகத்தில் ஹரிப்ரியா என்று ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி, இயந்திரப் பொறியியல் படித்து ஒரு காப்புரிமை ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறாள். நவோமி சொன்ன கதையைக் கேட்டு அவள் தன் சொந்த நேரத்தில் உதவ முன்வந்தாள்.

அவள் முதலில் விளக்கியது இதுதான். ஒரு பொருளுக்குக் காப்புரிமை கிடைக்க இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, அது புதியதா? விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் உலகத்தில் எங்கேயாவது, எந்த மொழியிலாவது அது வெளியே தெரிந்திருந்தால் புதியதல்ல. தெரியப்படுத்தியவர் நீங்களாகவே இருந்தாலும் விலக்கில்லை. இரண்டாவது, புதியதென்றாலும் போதிய அளவு புதியதா? அந்தத் தொழில் தெரிந்த எவரும் ஒரு பிற்பகலில் யோசித்துச் செய்துவிடக்கூடியதென்றால் கிடைக்காது. இந்த இரண்டாவதற்கு டேனிஷ் சட்டத்தில் இருக்கும் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'கண்டுபிடிப்பின் உயரம்' என்று வரும்.

"அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள் தொலைபேசியில். "இதை வெளியாளுங்க யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?"

"இல்லைப் பிள்ளை. வெளியாக்கள் ஒருத்தருக்கும் காட்டேல்லை."

பொய் சொல்லவில்லை. சபை அவருக்கு வெளியாட்கள் இல்லை. சாட்சி சொன்னது மனிதருக்கும் இல்லை. ஆண்டவருக்குச் சொன்னதை விளம்பரம் என்று எந்த விசுவாசியும் கணக்கில் எடுக்க மாட்டார். ஜூன் மாதம் விண்ணப்பம் போனது.

விண்ணப்பம் போட்ட துணிவில் அவர் மண்டப மேலாளரிடம் சொன்னார். மேலாளர் கோல் கம்பங்களை வருடாவருடம் பரிசோதிக்க வரும் நிறுவனத்திடம் சொன்னார். அந்த நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்தார், பார்த்தார், சிரித்துக் கைகொடுத்தார். இரண்டு கிழமையில் வீட்டுக்கு ஒரு கூடை வந்தது. சீஸ், சொக்லேற், ஒரு போத்தல் வைன், அடியில் ஒரு தாள். கையெழுத்திட்டால் இந்த யோசனையின் சகல உரிமையும் நிறுவனத்துக்கு. கடைசி வரியில் அன்பான நன்றி.

அருள்நாயகி வைனைத் தொட்டியில் ஊற்றினார். தாளைப் பத்திரமாக வைத்தார். கூடையைத் திருப்பி அனுப்பினார்.

"தாளில கையெழுத்து வைக்காதது சரி," என்றார் சிறீஸ்கந்தராசா. "வைனை ஊத்தினதுதான் மன்னிக்க ஏலாது."

டேனியர்களில் நல்லவர்கள் அதிகம், அந்தக் கூடையை அனுப்பியவரும் வீட்டில் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது: துப்புரவுப் பெண்ணுக்கு யோசனை தற்செயலாக வரும், பொறியாளருக்குத்தான் உரிமையாக வரும். உலகத்தின் பாதி அறிவு இந்தக் கணக்கினால்தான் பெயரில்லாமல் கிடக்கிறது.

விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வெளியிடப்பட்ட பிறகு, 2024 பெப்ரவரியில், காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஹரிப்ரியாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கூடை அனுப்பிய நிறுவனம் ஆட்சேபம் அனுப்பியிருந்தது. இணைப்பில் இரண்டு சான்றுகள். ஒன்று மொப்புத் தாங்கியின் படம். மற்றது ஒரு யூடியூப் முகவரி. 'சகோதரி அருள்நாயகியின் சாட்சி' என்று ஆங்கில எழுத்தில் தலைப்பு. இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். யாரோ அவர் பெயரைத் தேடுபெட்டியில் தட்டியிருக்கிறார்கள்.

ஹரிப்ரியா உடனே அழைத்தாள். "ஆன்ட்டி, என்ன இது? யார்கிட்டயும் காட்டலன்னு சொன்னீங்க!"

"அது... சாட்சி, பிள்ளை."

"யூடியூப்ல இருக்கு ஆன்ட்டி!"

"அது வருத்தம் வந்து படுத்திருக்கிற ஆக்கள் வீட்டில இருந்து பாக்கிறதுக்கு."

மறுமுனையில் பெருமூச்சு. "விண்ணப்பத்துக்கு நாலு மாசம் முன்னாடி. இதுல பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருந்தா, எல்லாம் முடிஞ்சுது. என்னால எதுவும் பண்ண முடியாது."

அருள்நாயகி அன்று சாப்பிடவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தபோதுகூட அவர் குனியவில்லை, ஏனென்றால் அவர் மறக்கவில்லை. இந்த முறை தவறு தன்னுடையது. தன் வாயாலேயே, சந்தோஷத்தில், கொடுத்துவிட்டார். நாளைக்கு அந்த நிறுவனம் அதே முளையைத் தன் பெயரில் விற்கலாம், அருள்நாயகியின் மண்டபத்துக்கே விற்கலாம், அதை அமத்திக் கழற்றும் வேலை அவருக்கே வரலாம்.

அடுத்த சனிக்கிழமை ஹரிப்ரியா ரயிலேறி நாலு மணி நேரம் பயணம் செய்து வந்தாள், நவோமியையும் கூட்டிக்கொண்டு. காணொளியில் இருப்பது யாழ்ப்பாணத் தமிழ். ஒரு சொல்லும் தவறக் கூடாது என்றாள் ஹரிப்ரியா. பாலசிங்கம் பாஸ்ரரையும் அழைத்திருந்தார்கள். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். பாஸ்ரர் கோட்டைக் கழற்றுவதைப் பார்த்து நவோமி சிரிப்பை அடக்கினாள். ஹரிப்ரியா சிரிக்கவில்லை. நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், திரும்பப் பார்த்தாள்.

"உருளை தெரியல. குழலுக்குள்ள இருக்கு. சரி, அது தெரிஞ்சாக்கூட பரவாயில்ல, மொப்புத் தாங்கியில இருக்கறதுதான். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த வளையம், கால் கட்டை, அன்னைக்கு இருந்துச்சா?"

"இல்லை. அது பிறகுதான்."

"அப்ப அன்னைக்கு முளை வெளிய வந்துச்சா?"

அருள்நாயகி பாஸ்ரரைப் பார்த்தார். பாஸ்ரர் தரைவிரிப்பைப் பார்த்தார். ஏனென்றால் குழலைப் பிளந்த அதே மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் பிரசங்கத்தில், ஜெபத்தினால் முளை வெளியே வந்தது என்று சொல்லியிருந்தார். நாற்பது பேர் அல்லேலூயா சொன்னார்கள். வெட்டும் இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

"வரேல்லை," என்றார் சிறீஸ்கந்தராசா கதவருகில் நின்று. "நான் வெட்டினனான். கர்த்தர் அனுப்பினது கிறைண்டர்."

"சும்மா இருங்கோப்பா," என்றார் அருள்நாயகி.

ஹரிப்ரியா முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இந்த வீடியோ நமக்கு எதிரா இல்ல. நமக்கு சாட்சி. பூட்டுறது மட்டும்தான் அன்னைக்கு உங்ககிட்ட இருந்தது. விடுவிக்கற வழி உங்களுக்கே தெரியல, ஊருக்கே தெரியல. பாஸ்டர் அதை ஜெபத்துலயே சொல்றார். பாஸ்டர், அன்னைக்கு இது வெளிய வரல, மூணு வாரம் கழிச்சு வெட்டித்தான் எடுத்தாங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பாஸ்ரரிடம் கேட்கப்படுவது எவ்வளவு பெரிது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். காப்புரிமை ஆவணங்களை எவரும் பார்க்கலாம். அவருடைய சபையும் பார்க்கலாம்.

"ஜெபம் கேக்கப்படேல்லை எண்டு என்னால எழுத ஏலாது," என்றார் கடைசியில்.

"நான் அதைக் கேக்கவே இல்லை சார்."

"முளை வெளியிலை வரேல்லை எண்டு எழுதுறன். அது நடந்தது. வெட்டி எடுத்தது எண்டும் எழுதுறன்." பேனாவை எடுத்தார். எழுதி முடித்துக் கையெழுத்திட்டுவிட்டு, "சபையிலையும் சொல்ல வேணும்," என்றார் தனக்குத்தானே.

சிறீஸ்கந்தராசா உள்ளே போய்ப் பாஸ்ரருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தன் பொய்யைத் தன் கையெழுத்தால் திருத்துகிற மதத் தலைவர்களை உலகம் அடிக்கடி காண்பதில்லை. அப்படி ஒருவருக்கு ஒரு தேநீர் கொடுக்கத்தான் வேண்டும்.

ஜெபம் முழுவதும் டேனிஷில் மொழிபெயர்க்கப்பட்டு, நேரக்குறிப்புடன், பாஸ்ரரின் வாக்குமூலத்தோடும் பிளந்த குழலின் படத்தோடும் அலுவலகத்துக்குப் போனது. பரிசோதகர் ஒரு பெண். தொலைபேசியில் ஹரிப்ரியாவிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். சபையில் அன்று யாராவது குழலைக் கழற்றிப் பார்த்தார்களா? மொப்புத் தாங்கி இருக்கும்போது வளையத்தை யோசிப்பது எளிதல்லவா?

முதலாவதற்குப் பதில் காணொளியிலேயே இருந்தது. கழற்ற முடியாமல்தானே ஆறு பேர் இழுத்தார்கள்? இரண்டாவதற்கு ஹரிப்ரியா நீளமாக எழுதினாள். மொப்புத் தாங்கி எத்தனையோ வருடங்களாகச் சுவரில் இருக்கிறது. கோல் கம்பங்கள் அதைவிட நீண்ட காலமாக விழுந்துகொண்டிருக்கின்றன. இரண்டையும் அறிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் திருகாணியையே இன்னும் நல்ல திருகாணியாக்கினார்கள். தாங்கியிலிருந்து தொடங்குகிறவர் போய் நிற்கும் இடம் வெளியே வராத ஒரு முளை. அங்கே நின்றவர்கள் அதற்கப்பால் போகவில்லை என்பதற்கு நாற்பது பேர் முன்னிலையில் பதிவான சான்று உண்டு.

செப்ரெம்பரில் கடிதம் வந்தது. நவோமி அதைத் தொலைபேசியில் வாசித்தாள். ஆச்சரியமாக, தமிழில் வாசித்தாள், தடுமாறித் தடுமாறி.

"அம்மா, பூட்டுற முறை புதுசு இல்லையாம். அது மொப்புக் கொழுவியில இருக்காம். அதை நீங்கள்... கேக்க ஏலாது. ஆனால் அந்த வளையம், பாரம் இருந்தால் திறக்காதது, அது புதுசாம். உயரமும் போதுமாம். அதுக்குத் தரலாமாம், அம்மா. உங்கடை பேரில."

"பாதிதான் தருகினமோ?" என்றார் சிறீஸ்கந்தராசா.

அருள்நாயகி யோசித்தார். "சரிதானே. பிடிக்கிறது கொழுவியின்ரை. விடுறது என்ரை."

அந்தக் கடிதத்தின் பின்னிணைப்பில், ஆராயப்பட்ட சான்றுகளின் பட்டியலில், மூன்றாவதாக இப்படி இருக்கிறது: பிரார்த்தனை, தமிழ், பதினான்காம் நிமிடம் முதல். ஒரு மதச்சார்பற்ற அலுவலகம் ஒரு ஜெபத்தைச் சொல் சொல்லாக வாசித்து அதிலிருந்து ஒரு உண்மையை எடுத்திருக்கிறது. ஜெபத்துக்கு அதைவிட நல்ல பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஒக்ரோபர் மாதம் அவருடைய மண்டபத்திலேயே முதல் சோடி முளைகளைச் சோதனைக்குப் பூட்டினார்கள். மண்டப மேலாளரும் வந்தார். இரண்டு மீற்றர் உயரமான மனிதர், எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டவர். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறும்படி அருள்நாயகி ஏற்கெனவே கேட்டிருந்தார். காலாவதியாகி இரண்டு வருடமாகிறது, கோப்பில் இப்போது அப்படி ஒன்றே இல்லை, இல்லாததை எப்படித் திரும்பப் பெறுவது என்று மேலாளர் சிரித்திருந்தார்.

"நான் தொங்கிப் பார்க்கவா?" என்றார் இப்போது.

"தொங்குங்கள்," என்றார் அருள்நாயகி டேனிஷில்.

மேலாளர் மேல்கம்பியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார். கோல் அசையவில்லை. முன்னும் பின்னும் ஆடினார். அசையவில்லை. அருள்நாயகி கால் கட்டையில் தன் சப்பாத்தை வைத்து முழுப் பலத்தோடு மிதித்தார். கட்டை கீழே போக மறுத்தது. மேலாளர் தொங்கியபடியே குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். அருள்நாயகி இன்னொரு தடவை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மேலாளர் இறங்க வேண்டிய நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தொங்கினார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு கோலையே பார்த்தார்.

"அன்றைக்கு நீங்கள் உண்மையாகவே திருகாணியை இறுக்கியிருந்தீர்கள், இல்லையா?"

"மூன்று மணிக்கு. இரண்டையும்."

மேலாளர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? அதன் அடியில் நான் ஒரு வரி எழுத வேண்டும்."

"என் அலுமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன்."

போகத் திரும்பியவர் நின்றார். இரண்டு மணிக்குப் பட்மின்ரன். கால் கட்டையை மெல்ல அமத்திக் கோலைச் சற்றுத் தூக்கினார். முளைகள் சத்தமில்லாமல் மேலே வந்தன. கோலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் கடிதம் எடுக்கப் போனார்.